ஏறிய பங்கில் எவ்வளவு விற்பது? முதலை எடுத்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வணிகப் பக்கத்தில் வாசகர் கேள்விகளுக்கு வரும் பதில்களில் ஒரு யோசனை அடிக்கடி தென்படுகிறது. பங்கு பல மடங்கு ஏறிவிட்டால் போட்ட முதலை மட்டும் எடுத்துவிடுங்கள், மீதி இலவசம், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்பதே அது. தரகர் அலுவலகங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதையே சொல்கிறார்கள். கேட்க இதமாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்கவில்லை. இதை நம்பி நிம்மதியாக இருக்கும் குடும்பங்கள் நிறைய என்பதால் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு குடும்பத்துக்குப் பங்குகளும் மியூச்சுவல் ஃபண்டும் சேர்த்து 20 லட்சம் ரூபாய் முதலீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒரே நிறுவனத்தின் 1,000 பங்குகள் உள்ளன. வாங்கிய விலை 150 ரூபாய், இன்றைய விலை 900. ஒன்றரை லட்சம் போட்டது 9 லட்சமாகி, மொத்தத்தில் 45 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. முதலை எடுப்பதென்றால் 167 பங்குகளை விற்றால் போதும், ஒன்றரை லட்சம் கைக்கு வந்துவிடும். அந்தப் பணத்தை வேறு ஃபண்டில் போட்டுவிட்டதாகவே கொள்வோம். மிச்சமுள்ள 833 பங்குகளின் மதிப்பு ஏழரை லட்சம், அதாவது மொத்தத்தில் 37.5 சதவீதம். அந்தப் பங்கு பாதியாகச் சரிந்தால் குடும்பம் இழப்பது மூன்றே முக்கால் லட்சம். முதல் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது என்பதால் அந்த மூன்றே முக்கால் லட்சம் இலவசப் பணம் ஆகிவிடாது. இன்றைக்கு விற்றால் மகளின் கல்லூரிக் கட்டணமாகவோ வீட்டுக்கடனின் ஒரு பகுதியாகவோ மாறக்கூடிய பணம் அது.

வாங்கிய விலை வருமான வரிக் கணக்குக்குத்தான் தேவை. ஆபத்தை அளக்க இரண்டே எண்கள் வேண்டும்: அந்தப் பங்கின் இன்றைய மதிப்பு, குடும்பத்தின் மொத்த முதலீடு. ஒன்றை மற்றதால் வகுத்தால் வருவதுதான் அந்தப் பங்கின் எடை. எவ்வளவு விற்பது என்பதை அந்த எடைதான் சொல்ல வேண்டும்.

மேலே சொன்ன குடும்பம் எடையை 20 சதவீதத்துக்கு இறக்க நினைக்கிறது. விற்ற பணம் தொகுப்புக்குள்ளேயே வேறு முதலீட்டுக்குப் போகிறது என்றால் கணக்கு எளிது. 20 லட்சத்தில் 20 சதவீதம் 4 லட்சம், இருப்பது 9 லட்சம். ஆக 5 லட்சத்துக்கு விற்க வேண்டும், 900 ரூபாய் விலையில் சுமார் 556 பங்குகள். ஆனால் விற்ற பணத்தை வெளியே எடுத்துச் செலவு செய்யப்போகிறார்கள் என்றால் இந்தக் கணக்கு தவறிவிடும். பணம் வெளியே போகும்போது மொத்தமும் சுருங்குகிறது. 5 லட்சத்துக்கு விற்று எடுத்துவிட்டால் மிச்சம் 15 லட்சம். அதில் இந்தப் பங்கு 4 லட்சம், எடை கிட்டத்தட்ட 27 சதவீதம். உண்மையிலேயே 20க்கு வர, அந்த 5 லட்சத்தை 0.8 ஆல் வகுக்க வேண்டும். வருவது 6.25 லட்சம், சுமார் 694 பங்குகள். சரிபார்த்துக்கொள்ளலாம்: மிச்சம் 13.75 லட்சம், அதில் பங்கு 2.75 லட்சம், சரியாக 20 சதவீதம். கல்யாணச் செலவுக்கு விற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். செலவும் முடிந்தது, ஆபத்தும் குறைந்தது என்று நினைத்திருப்பார்கள், எடை கொஞ்சம்தான் இறங்கியிருக்கும்.

வரம்பை எங்கே வைப்பது? பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி சாதாரண ஈக்விட்டி ஃபண்ட் ஒரே நிறுவனத்தின் பங்கில் தன் சொத்தில் 10 சதவீதத்துக்கு மேல் முதலீடு செய்யக் கூடாது. துறை சார்ந்த ஃபண்டுகளுக்கும், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்கும் விதி வேறு. அந்த வேலையையே முழுநேரமும் பார்க்கும் ஆய்வாளர்களை வைத்திருப்பவர்களுக்கே 10தான் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் தனி மனிதர்கள் 10ஐத் தொட்டதும் வெட்ட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் செய்தால் நல்ல பங்கு ஒருநாளும் வளராது. சம்பாதிக்கும் வயதில் இருப்பவருக்கு என் பரிந்துரை இதுதான்: 15 சதவீதத்தைத் தாண்டிய பங்கில் புதிதாக ஒன்றுகூட வாங்கக் கூடாது, 25ஐத் தொட்டால் விற்று 20க்கு இறக்க வேண்டும். 25க்கும் 20க்கும் நடுவில் இடைவெளி இருப்பது காரணத்தோடுதான். 20ஐத் தாண்டும்போதெல்லாம் விற்று 20க்கே கொண்டுவந்தால், மாதாமாதம் சில்லறையாக விற்று வரியும் கட்டணமும் கட்டிக்கொண்டே இருக்க நேரிடும். ஓய்வுக்கு ஐந்தாறு ஆண்டுகளே இருப்பவர்கள் இந்த எண்களைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது. சரிவிலிருந்து மீள அவர்களுக்குச் சம்பளம் இருக்காது.

மொத்த முதலீட்டில் எதைச் சேர்ப்பது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. குடியிருக்கும் வீட்டையும் வீட்டுப் பெண்கள் அணியும் நகையையும் சேர்த்தால் எல்லாப் பங்கின் எடையும் சின்னதாகத் தெரியும். அவற்றை விற்கப்போவதில்லை என்றால் கணக்கில் சேர்க்கக் கூடாது. இன்னொரு பக்கம், அதே பங்கு மறைந்திருக்கும் இடங்களைக் கூட்ட வேண்டும். பெரிய தனியார் வங்கி ஒன்றின் பங்கை நேரடியாக வைத்திருப்பவர் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டும் பெருநிறுவன ஃபண்டும் வைத்திருந்தால், இரண்டுக்குள்ளும் அதே வங்கி பெரிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஃபண்ட் நிறுவனங்கள் மாதந்தோறும் வெளியிடும் பட்டியலில் சதவீதம் இருக்கும், பெருக்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கே பெரிய எடையாக இருப்பது எல்லாவற்றிலும் மோசமான நிலை. சென்னையிலும் கோவையிலும் மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது சாதாரணம். நிறுவனம் தடுமாறினால் சம்பளமும் சேமிப்பும் ஒரே மாதத்தில் அடி வாங்கும். இவர்கள் நினைத்த நாளில் விற்கவும் முடியாது. நிறுவனம் பட்டியலிட்டுள்ள குறிப்பிட்ட ஊழியர்களுக்குக் காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் வரை விற்பனைச் சாளரம் மூடியிருக்கும். விற்பதற்கு முன்அனுமதி வாங்க வேண்டியும் இருக்கலாம். விற்ற பிறகு ஆறு மாதத்துக்குள் திரும்ப வாங்கக் கூடாது. அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் பங்கைப் பெறுபவர்களுக்கு இந்திய வரியும் வேறு மாதிரி. 24 மாதம் கடந்தால்தான் அது நீண்டகாலம், பின்னால் சொல்லப்போகும் 1.25 லட்சம் விலக்கும் கிடையாது. 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்குகளை விட்டுவிட்டு ஒருவர் இறந்தால், இந்தியராக இருந்தாலும் இறந்தவரின் சொத்துக்கு அந்நாடு விதிக்கும் எஸ்டேட் வரி வாரிசுகளைத் தேடி வரும். இவர்கள் பங்கு கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியை விற்றுவிடுவதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல நிறுவனம்தானே, விழுந்தால் அப்போது விற்றுக்கொள்ளலாம் என்பவர்களுக்குக் கரூரிலிருந்தே உதாரணம் இருக்கிறது. லட்சுமி விலாஸ் வங்கி 1926இல் அந்த ஊர் வணிகர்கள் சேர்ந்து தொடங்கியது. 2020 நவம்பர் 17 அன்று அதன் மீது தடை விதிக்கப்பட்டது, ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் எடுக்கலாம் என்றானது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. வைப்புத்தொகை வைத்திருந்தவர்களுக்குப் பணம் பத்திரமாக இருந்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி, கையில் ஒன்றுமில்லை. நடுவில் விற்க நினைத்தவர்களுக்கு லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய கடைசி எல்லை. விற்க ஆள் இருக்கும், வாங்க ஆள் இருக்காது.

யெஸ் வங்கி கதையில் இன்னொரு பாடம் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் 400 ரூபாய்ப் பக்கம் இருந்த பங்கு அது. 2020 மார்ச் 5 அன்று தடை வந்தது. அடுத்து வந்த சீரமைப்புத் திட்டம், 100 பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்குப் பூட்டிவிட்டது. விழுந்த பிறகு விற்கவும் வழியில்லை. கணக்கு மோசடி வெளியான சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் பங்கு 2009 ஜனவரி 7 அன்று ஒரே நாளில் முக்கால்வாசிக்கு மேல் கரைந்தது. இந்த மாதிரி நாளில், குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் ஆர்டரும் காப்பாற்றாது. 850இல் விற்கச் சொல்லி ஆர்டர் போட்டிருப்போம். விலை 880இலிருந்து நேராக 600க்குப் போனால் 850 என்ற விலையே வராது. இதற்குக் கீழே விற்காதே என்று லிமிட் வைத்த ஸ்டாப் லாஸ் நிறைவேறாமலே கிடக்கும், மார்க்கெட் விலையில் வைத்தது 600க்கு விற்றுவிடும்.

மோசடியோ திவாலோ இல்லாமலும் பணம் முடங்கலாம். ஹிந்துஸ்தான் லீவர் (இன்றைய ஹிந்துஸ்தான் யூனிலீவர்) 2000இலும் நல்ல நிறுவனம், 2010இலும் நல்ல நிறுவனம். அந்தப் பத்தாண்டில் பங்கு விலை பெரிதாக எங்கும் போகவில்லை, சென்செக்ஸ் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. நிறுவனத்தின் தரம் வேறு, அன்றைக்கு அதற்குக் கொடுக்கப்படும் விலை வேறு.

இதற்கு எதிர்வாதம் வலுவானது, அதை ஒதுக்கிவிட்டுப் பேசக் கூடாது. தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கி ஓசூரில் ஆலை வைத்த டைட்டன் பங்கை 2000களின் தொடக்கத்தில் வாங்கி விற்காமல் இருந்தவர்களுக்கு அது நூறு மடங்குக்கும் மேல் வளர்ந்திருக்கிறது. வழியில் வெட்டியவர்கள் அவ்வளவு பார்க்கவில்லை. பெரும் செல்வம் ஒரு சில பங்குகளைப் பல காலம் வைத்திருப்பதால்தான் வருகிறது என்பது உண்மை. அதனால்தான் முழுவதும் விற்கச் சொல்லவில்லை. மேலே சொன்ன குடும்பத்திடம் 556 போக இன்னும் 444 பங்குகள் இருக்கும். 900 ரூபாய் 1,800 ஆனால் அந்த 444 பங்குகளே 4 லட்சம் கூடுதலாகத் தரும். குறைத்துக்கொள்வதால் நாம் விட்டுக்கொடுப்பது லாபத்தின் ஒரு பகுதியை. குறைக்காமல் இருப்பதால் பணயம் வைப்பது குடும்பத் திட்டங்களை. இரண்டும் சமமல்ல என்று உறுதியாக நினைக்கிறேன்.

இனி வரி. பெரும்பாலானோர் விற்காமல் இருப்பதற்குச் சொல்லும் காரணம் இதுதான், பெரும்பாலும் கணக்குப் போடாமலே சொல்கிறார்கள். 2024 ஜூலை 23 முதல், பட்டியலிட்ட பங்கை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் ஆதாயம் வரை வரியில்லை. 12 மாதத்துக்குள் விற்றால் 20 சதவீதம், விலக்கும் இல்லை. இரண்டு வரியின் மேலும் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி. நம் கணக்கில் 556 பங்குகள், பங்குக்கு 750 ரூபாய் ஆதாயம், மொத்தம் 4.17 லட்சம். விலக்கு போக 2.92 லட்சம். வரியும் செஸ்ஸும் சேர்த்து 37,960 ரூபாய். விற்ற 5 லட்சத்தில் இது ஏழரை சதவீதம் சொச்சம். இதே அளவு ஒரு பங்கு ஒரு வாரத்தில் இறங்குவது சாதாரணம்.

இதையும் குறைக்க வழி உண்டு. மார்ச்சில் 278, ஏப்ரலில் 278 என்று விற்றால் இரண்டு நிதியாண்டின் விலக்கும் கிடைக்கும். வரி 21,710 ஆகும், 16,250 மிச்சம். மார்ச் மாதத்தில் இருப்பவர் கட்டாயம் இப்படிச் செய்யலாம், காத்திருப்பது சில வாரங்கள்தான். ஜூன் மாதத்தில் இருப்பவர் அடுத்த ஏப்ரல் வரை பத்து மாதம் இரண்டரை லட்சத்தைத் தொங்கவிட வேண்டும். அந்தப் பாதி 6.5 சதவீதம் சரிந்தாலே மிச்சப்படுத்தியது போய்விடும். ஒரு தனிப் பங்குக்குப் பத்து மாதத்தில் 6.5 சதவீதம் ஒரு பொருட்டே அல்ல. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு நீட்டி வரியே இல்லாமல் வெளியே வரத் திட்டமிடுபவர்களுக்கும் இதே பதில்தான். மார்ச் கடைசி நாள் வரை தள்ளிப்போடவும் வேண்டாம். மூன்றாம் வாரத்திலேயே முதல் பகுதியை முடித்துவிடுவது நல்லது.

ஆண்டு வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் எனக்கு வரியே கிடையாது என்று நினைத்துப் பலர் விற்றுவிடுகிறார்கள். சம்பளத்துக்குக் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி, தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் பங்கு ஆதாயத்துக்குப் பொருந்தாது. வேறு வருமானம் குறைவாக உள்ளவருக்கு வேறொரு சலுகை இருக்கிறது. இந்தியாவில் வசிப்பவர், அடிப்படை வரிவிலக்கு வரம்பில் பயன்படாமல் மிஞ்சியதை ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் அந்த வரம்பு 4 லட்சம். வேறு வருமானமே இல்லாத ஒரு பெண்மணி தன் சொந்தப் பணத்தில் வாங்கிய பங்கை விற்றால் 5.25 லட்சம் வரை நீண்டகால ஆதாயத்துக்கு வரி வராது. சொந்தப் பணம் என்பது முக்கியம். கணவர் தன் பங்கை மனைவி பெயருக்கு மாற்றி விற்கச் சொன்னால், ஆதாயம் கணவர் வருமானத்தோடுதான் சேரும். 18 வயது நிறைந்த மகனுக்கோ மகளுக்கோ அன்பளிப்பாகக் கொடுத்தால் அவர்கள் கணக்கிலேயே வரும், பெற்றோர் வாங்கிய விலையும் தேதியும் அப்படியே தொடரும். ஆனால் பணம் அப்போது உண்மையிலேயே பிள்ளைகளுடையது. கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் செய்யக் கூடாது.

எந்தப் பங்கு விற்றதாகக் கணக்கு என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் ஒரு டீமேட் கணக்கில் முதலில் வந்ததே முதலில் போனதாகக் கொள்ளப்படும். பத்தாண்டுக்கு முன் வாங்கியதும் போன மாதம் வாங்கியதும் கலந்திருந்தால் பழையது முதலில் போகும். குறுகிய கால வரி வந்துவிடுமோ என்ற பயம் அங்கே தேவையில்லை, ஆனால் ஆதாயம் அதிகமாக வரும். 2018 ஜனவரி 31 வரை வாங்கிய பங்கு என்றால், அன்றைய உச்ச விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில் எது குறைவோ அதை உண்மையான கொள்முதல் விலையோடு ஒப்பிட்டு, இரண்டில் அதிகமானதை வாங்கிய விலையாகக் கொள்ளலாம். அப்பா வாங்கி வைத்த பழைய பங்குகளுக்கு இது பெரிய நிவாரணம். அந்தத் தேதிக்குப் பிறகு நிறுவனம் இலவசமாகக் கொடுத்த போனஸ் பங்குக்கோ வாங்கிய விலை பூஜ்யம், ஒதுக்கிய நாளிலிருந்துதான் 12 மாதக் கணக்கு. போனஸ் வந்து சில மாதங்களே ஆன பங்கை விற்பவர் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தரகர் செயலியில் காட்டும் லாபத்தை அப்படியே நம்ப வேண்டாம். காகிதப் பங்கிலிருந்து மாற்றியவை, வேறு டீமேட்டிலிருந்து வந்தவை, வாரிசாகப் பெற்றவை ஆகியவற்றுக்கு அங்கே விலை பூஜ்யமாகவோ தவறாகவோ இருக்கும். பழைய ஒப்பந்தச் சீட்டைத் தேடி எடுத்துச் சரியான விலையை உள்ளிட வேண்டும்.

நஷ்டத்தில் கிடக்கும் பங்குகளையும் அதே ஆண்டில் விற்றுக் கழித்துக்கொள்ளலாம். குறுகிய கால நஷ்டம் இரண்டு வகை ஆதாயத்திலும் கழியும், நீண்டகால நஷ்டம் நீண்டகால ஆதாயத்தில் மட்டும். மிஞ்சியதை எட்டு ஆண்டு வரை கொண்டுபோகலாம், அதற்கு வருமான வரிப் படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம்: கழிப்பது முதலில், 1.25 லட்சம் விலக்கு பிறகு. இந்த ஆண்டு ஆதாயமே 1.20 லட்சம்தான் என்றால் 50,000 நஷ்டத்தை விற்றுக் கழிப்பது வீண், எப்படியும் வரி வராத ஆதாயத்தில் அந்த நஷ்டம் கரைந்துவிடும். ஆதாயம் பெரிதாக வரும் ஆண்டுக்கு அதை வைத்திருக்க வேண்டும்.

இங்கே வசிப்பவர் பங்கு விற்றால் யாரும் வரியைப் பிடித்தம் செய்ய மாட்டார்கள். முழுப் பணமும் வங்கிக்கு வருவதால் வரி இருப்பதே மறந்துவிடுகிறது. ஆண்டு வரி பாக்கி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும், தவறினால் வட்டி. விற்ற நாளுக்குப் பிறகு வரும் தவணைகளில் கட்டினால் போதும்: ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகள். மார்ச் 15க்குப் பிறகு விற்றவர் 31க்குள் கட்டலாம். 60 வயது கடந்து, தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு இது இல்லை. விற்ற அன்றே வரிப் பணத்தைத் தனி வைப்பில் போட்டுவிடுவது நல்ல பழக்கம். நீண்டகால ஆதாயம் 1.25 லட்சத்தைத் தாண்டினால் சம்பளக்காரரும் ஐடிஆர்-2 என்ற வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும், ஐடிஆர்-1 செல்லாது.

ஆண்டுதோறும் 1.25 லட்சம் ஆதாயத்துக்கு விற்று அதே பங்கைத் திரும்ப வாங்குவதையும் சிலர் குறைப்பு என்று நினைக்கிறார்கள். அது வரிக்கான ஏற்பாடு மட்டுமே, எடை ஒரு சதவீதம்கூட இறங்காது. அதையும் அதே நாளில் செய்தால் டெலிவரியே நடக்காமல் தினவணிகமாகிவிடும்.

விற்கும் நாளில் செய்ய வேண்டியது அதிகமில்லை. விற்ற பங்கை நம் டீமேட் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் டிடிபிஐ அனுமதியைத் தரகருக்குக் கொடுத்திருந்தால் நேராக விற்கலாம். இல்லையென்றால் பங்குகளைப் பாதுகாக்கும் சிடிஎஸ்எல் வைப்பகத்தின் டிபின் என்ற ரகசிய எண்ணும் ஓடிபியும் வேண்டும். அதை முந்தைய நாளே சரிபார்த்துக்கொள்வது நல்லது, மறந்துபோன டிபின்னால் விற்பனை தள்ளிப்போவதுண்டு. பங்கு அடமானத்தில் இருந்தால் முதலில் விடுவிக்க வேண்டும். காலை 9.15க்குச் சந்தை திறந்த முதல் அரைமணி நேரத்தைத் தவிர்த்து விலையை நாமே குறிக்கும் லிமிட் ஆர்டர் போட வேண்டும். சிறு நிறுவனப் பங்கு என்றால் வாங்குபவர்கள் வரிசையைப் பார்க்காமல் மார்க்கெட் ஆர்டர் போடவே கூடாது. மேலே 900க்கு 40 பங்கு, அடுத்து 893க்கு 60, அதற்குக் கீழே 870க்கு 300 என்று வரிசை இருந்தால், 278 பங்குகளில் பாதிக்கு மேல் 870க்குத்தான் போகும். அப்படிப்பட்ட பங்கைச் சில நாட்களாகப் பிரித்து விற்கலாம். ஒரு நாளில் ஒரு நிறுவனப் பங்கை எத்தனை விற்றாலும், டீமேட்டிலிருந்து பங்கு வெளியேறும்போது பிடிக்கும் டிபி கட்டணம் ஒன்றுதான் என்பதால் பத்துப் பத்தாகப் பிரிப்பதும் வீண். பணம் அடுத்த வேலை நாளே வந்துவிடும்.

பகுதி பகுதியாக விற்பவர்கள் தேதி குறித்து விற்க வேண்டும், விலை குறித்து அல்ல. 950 வந்தால் விற்கிறேன் என்பவர் 950 வந்ததும் 1,000 என்பார். 820க்கு இறங்கினால் 900 வரட்டும் என்பார். இரண்டு பக்கமும் விற்பனை நடக்காது. பாதியை இந்த வாரம், மீதியை இன்ன தேதியில் என்று காகிதத்தில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் காட்டிவிட வேண்டும். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடையைப் பார்த்தால் போதும்.

விற்பதற்கு முன்பே பணம் எங்கே போகிறது என்று முடிவு செய்திருக்க வேண்டும். போக்கிடம் இல்லாத பணம், விலை கொஞ்சம் இறங்கியதும் அதே பங்குக்குத் திரும்பிவிடும், அல்லது நஷ்டத்தில் கிடக்கும் பழைய பங்கை இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கப் போய்விடும். 11 சதவீதத்துக்குத் தனிநபர் கடன் இருப்பவர் அதை அடைக்கட்டும். மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் வைப்புத்தொகைக்குப் போகட்டும், ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதை நினைவில் வைத்து. நீண்ட காலத்துக்கானது பரந்த இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகலாம். வங்கிப் பங்கை விற்று இன்னொரு வங்கிப் பங்கை வாங்குவதில் மட்டும் பயனில்லை, இரண்டும் ஒரே நாளில் ஒரே காரணத்துக்கு விழும்.

தங்கள் பக்கத்தில் அடுத்த முறை இந்தக் கேள்வி வரும்போது, பங்கை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதோடு நிறுத்தாமல், குடும்பத்தின் மொத்த முதலீடு எவ்வளவு, விற்ற பணம் எதற்கு என்ற இரண்டையும் வாசகரிடம் கேட்டு வாங்கி, எத்தனை பங்கு என்று எண்ணைக் குறிப்பிட்டே பதில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிப்ரவரி கடைசியில் ஒருமுறை, இரண்டு நிதியாண்டாகப் பிரித்து விற்கும் வரிக் கணக்கையும் அட்டவணையாக வெளியிட்டால், மார்ச்சுக்குள் முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஈரோடு